ஊறட்டும் என்று விட்ட பால்

என் தங்கை யசோதினியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் வாயில்லாப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். எனக்கல்லவா தெரியும். அவள் பேசாமல் இருந்தே காரியம் சாதிப்பவள். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவளுக்குப் பதினொரு வயது. அவள் அழவில்லை, போகாதே என்று கேட்கவுமில்லை. அம்மா வந்து போய்க்கொண்டிருந்தாரே தவிர, இன்றுவரை அங்கேதான் வேலை.

யசோதினிக்கும் கல்யாணமாகிப் பிள்ளை தங்கியது. அப்போது அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “அக்கா, என்ட புள்ளைக்கு நான்தான் பால் குடுப்பன். ரெண்டு வருசம்.” தாய் பக்கத்தில் இல்லாமல் வளர்ந்தவள் அதை ஏன் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது. அதைக் கெடுக்கப் போகிறவள் நான்தான் என்பது மட்டும் விளங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மகள்மாருக்குத்தான் வீடு; அந்த வழக்கப்படி அம்மாவின் வளவு நிலத்திலேயே எனக்கொரு வீடு, அவளுக்கொரு வீடு. வளவின் பின்பக்கம் வாவி. அவளுடைய புருஷன் விஜிதரன் விடியுமுன் தோணியோடு இறால் பிடிக்கப் போய்விடுவான். ஆகவே வைகாசியில் மகன் பிறந்ததும் பிள்ளைப்பேற்று வீட்டின் முழு அதிகாரமும் என் கைக்கு வந்தது. சுறாப் புட்டு, உள்ளிப்பூண்டு, முருங்கைக்கீரை என்று நான் ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் மாதம் அவளுக்குப் பால் சட்டையை நனைத்துக்கொண்டு வந்தது.

மாதம் முடிந்த அடுத்த வாரம், ஐந்தாவது கிழமை, பிள்ளை நிதுர்ஷன் மாறிப்போனான். குடித்து முடித்துக் கால் மணித்தியாலம் ஆகவில்லை, மறுபடி வாயைத் திறந்து வீரிடுவான். பின்னேரம் முழுக்க அவள் மார்பை விட்டு இறங்கமாட்டான். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

நாங்கள் பூவல் தண்ணீரில் வாழ்கிறவர்கள். வாவிக்கரை மணலில் ஆளுயரத்துக்குத் தோண்டிய சின்னக் கிணறுதான் பூவல். கோடையில் காலையில் நாலு வாளி அள்ளினால் பிறகு பின்னேரம்வரை அதைத் தொடக்கூடாது. ஊற விட வேண்டும். ஆசைப்பட்டு ஐந்தாவது வாளி அள்ளினால் உப்பு ஏறிவிடும். சின்ன வயதிலிருந்து அந்தக் கணக்கைப் பார்த்தவள் நான். தங்கையின் மார்பையும் அதே கணக்கில் வைத்தேன்.

“இப்படி விடாம உறிஞ்சினா வத்திப் போகும்கா. மூணு மணித்தியாலம் ஊறட்டும்” என்றேன். தங்கையை ‘டீ’ என்பதுபோல எங்கள் பக்கத்தில் ‘கா’ என்போம். இடையில் அவன் அழுதால் கொடுக்கப் பால்மா டின்னும் போத்தலும் வாங்கிவந்தேன். அவள் டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிள்ளையை என்னிடம் நீட்டினாள். பிள்ளை போத்தலைக் குடித்துவிட்டு அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பத்து நாளில் அவள் சட்டை நனைவது நின்றது. மார்பு துவண்டுபோனது. பிள்ளையை வைத்தால் இரண்டு இழுவை இழுத்துவிட்டுத் தலையைப் பின்னால் எறிந்து அழுதான். அவனுக்குப் போத்தல்தான் வேண்டும். யசோதினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அம்மா போன அன்றுகூட அப்படி அழாதவள்.

மறுநாள், வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்கிற குடும்பநல உத்தியோகத்தர் வந்தாள். சபீனா, ஏறாவூர்ப் பெண். நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டாலும் என்னைவிட எட்டு வயது இளையவள், இன்னும் கல்யாணமும் ஆகவில்லை. பிள்ளையை நிறுத்துப் பார்த்தவள் முகம் சுருங்கியது. நிறை ஏற வேண்டிய அளவு ஏறவில்லை. போத்தலைச் சுத்தமாக வைக்கத் தண்ணீர் போதாத வீட்டில் அவனுக்கு வயிறும் இரண்டு தரம் குழம்பியிருந்தது.

“எப்படிக் குடுக்கிறீங்க?” என்று கேட்டாள். யசோதினி என்னைக் காட்டிக்கொடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். நானே பெருமையாகச் சொன்னேன்.

“மூணு மணித்தியாலம் ஊற விடுறம் மிஸ். பூவலுக்குச் செய்ற மாதிரித்தான்.”

அவள் சிரிக்கவில்லை. “அக்கா, இது பூவல் இல்ல. புள்ள குடிக்கக் குடிக்கத்தான் இன்னும் வேணுமெண்டு உடம்புக்குத் தெரியும். நீங்க மூடி வெச்சா, வேணாமாக்கும் எண்டு அது குறைச்சுப்போடும்.”

“அவன் பசியில கத்தினானே, மிஸ்?”

“வளருற கிழமை, கத்தத்தான் செய்வான். திரும்பத் திரும்பக் குடிச்சுத்தான் தாய்க்குப் பாலைக் கூட்டுவான். நாலஞ்சு நாள் பொறுத்திருந்தா தானா அடங்கியிருப்பான்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒன்றைப் பெறாதவள் எனக்குச் சொல்ல வந்துவிட்டாள்! வாயைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். என் மகளுக்கும் ஐந்தாவது கிழமையில்தான், இதேபோல் கத்தியபோது, டின் வாங்கினோம். பத்து வருடமாக நான் “பாலில்லாத உடம்புக்காரி”. உறவுக்காரர்கள் சொன்னார்கள், நானும் மற்றவர்களிடம் அப்படித்தான் சொன்னேன். அந்த வெட்கத்தில் இரண்டாவது பிள்ளையே வேண்டாம் என்றிருந்தேன். என் உடம்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. அடுப்படிக் குசினிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

சபீனா சொன்னபடி தொடங்கினோம். பகலோ இரவோ, அவன் கேட்டபோதெல்லாம் இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும், கேட்காவிட்டாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. போத்தலைத் தூக்கி வைத்துவிட்டு, டின் பாலைக் கோப்பையால் கொடுத்து, நாளுக்கு நாள் குறைக்க வேண்டும். தாய் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூத்திரத்தில் ஆறு துணியாவது நனைந்தால் பிள்ளைக்குப் பால் போதுகிறது என்று அர்த்தம். ஐந்து நாளில் வந்து மறுபடி நிறுப்பாள்.

விஜிதரன் பெரிய தெருக் குழாயிலிருந்து பிளாஸ்டிக் கான்களில் தண்ணீர் கட்டிவந்து ஊற்றிவிட்டுத் தோணிக்குப் போனான். நான் அவளுக்கு மீன் குழம்பில் சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டினேன். அவள் இரண்டு கையிலும் பிள்ளை. கன்னத்தில் ஒட்டிய பருக்கையைத் துடைத்தபோது ஐயோ, இவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இருந்தது.

நாலாம் நாள் பின்னேரம்தான் மோசம். இரண்டு மணித்தியாலமாக அவன் கத்தினான். என்னால் தாங்க முடியவில்லை. கை தன்னாலேயே மேல்தட்டிலிருந்த போத்தலுக்குப் போனது.

“அத வை அக்கா.”

“புள்ள கத்துறான்கா!”

“கத்தட்டும். என்னட்டத்தானே கேக்கிறான். நான் குடுப்பன்.”

வேர்த்து வழிய, கண் சிவந்து, தலை கலைந்து அவள் உட்கார்ந்திருந்தாள். குரல் மட்டும் நடுங்கவில்லை. போத்தலை வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எப்போதோ அவன் அடங்கிக் குடித்தான்.

ஐந்தாம் நாள் நிறை கொஞ்சம் ஏறியிருந்தது. “இப்படியே விடாமச் செய்ங்க, அடுத்த கிழமை டின்ன விடலாம்” என்றாள் சபீனா. அதேபோல் விட்டோம்.

டின்னை விட்ட மூன்றாம் நாள் பின்னேரம் நான் துணி துவைக்க வாவிக்கரைக்குப் போனேன். வாளியில் ஏழு துணி கிடந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினேன், ஏழுதான். மூத்திரத் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுத பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன்.

யசோதினி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதவடியில் இருந்தாள். அவன் ஒரு பக்கம் குடிக்க, மற்றப் பக்கம் சட்டையில் வட்டமாக ஈரம் பரவியிருந்தது.

“என்னக்கா, அழுறாய்?”

“ஏழு துணிகா” என்றேன். “நானும் குடுத்திருக்கலாமேகா, என்ட மகளுக்கு.”

அவள் பிள்ளையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள்.

“ஒனக்கு அப்ப ஆரும் சொல்லல்லக்கா” என்றாள்.