காவல் இல்லாத மின்பெட்டி

நான் பொய் சொன்னேன். ஒரு முறையல்ல, மூன்று முறை. அந்தப் பொய்களை நம்பி ஒரு மனிதர் தம் கைகளை நம்புவதை நிறுத்திவிட்டார். அவர் என் தங்கை ஸ்டெல்லாவின் கணவர், சூசை. இன்றுவரை அவருக்குத் தெரியாது.

இதைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. கொடைக்கானலில் என்னை அறிந்தவர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். மலைப்பாதை எந்த ஆண்டு சரிந்தது, எந்த உறைபனியில் உருளைக்கிழங்குச் செடிகள் கருகின என்றெல்லாம் தேதியோடு சொல்லக்கூடியவன் நான். பள்ளி நூலகத்தில் வேலை. கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். "மச்சான் ஒண்ணு சொன்னா மறுபேச்சே கெடையாது" என்று சூசை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது...

சூசைக்கு அங்கே நாயுடுபுரம் பகுதியில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை. அப்போது வருடம் 1984. ரேடியோவைச் சரிசெய்து வைத்துக்கொள்ளும் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆளாளுக்கு டேப் ரெக்கார்டர் வாங்கினார்கள். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார் சூசை.

கம்ப்யூட்டர் ஆசையை மூட்டியவன் நானே. நூலகத்துக்கு வரும் வெளிநாட்டு இதழ்களில், வீட்டிலேயே கம்ப்யூட்டர் கட்டுவதற்கான வரைபடங்கள் இருந்தன. நான் படித்துத் தமிழில் சொல்வேன், அவர் ஈயத்தை உருக்கிப் பத்தவைப்பார். மரவட்டையைப் போல் வரிசையாகக் கால்கள் கொண்ட சில்லுகள்... ஒவ்வொரு காலையும் அவர் மின்சுற்றுப் பலகையில் பதித்த நேர்த்தியை நான் பக்கத்தில் அமர்ந்து பார்த்தவன். அந்தக் கையில் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. எனக்கு நிச்சயமாக இல்லை! திரைக்கு, இலங்கை ஒளிபரப்பு தெரியும் என்று யாரோ வாங்கிப் புள்ளிகளை மட்டுமே கண்டு சலித்த சின்ன டி.வி. ஒன்று கிடைத்தது.

ஏரிக்கு அருகே லாட்ஜ் நடத்திய முதலாளி ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். எந்த அறை காலி, எது நிரம்பியிருக்கிறது என்பதைத் திரையில் காட்ட முடியுமா என்று கேட்டார்.

"காட்டலாம்ங்க" என்றார் சூசை.

"அப்ப சீசன் முடியட்டும். ஓட்டிக் காட்டு. நல்லா ஓடுச்சுன்னா இந்தக் கடையப் பூட்டிட்டு நம்ம லாட்ஜுக்கே வந்துரு. மாசச் சம்பளம்."

ஸ்டெல்லா அன்று மாலை மாதா படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றினாள்.

மிஞ்சியிருந்த வேலை ஒன்றுதான். பலகைக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி வேண்டும். வீட்டு மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாகக் குறைத்துச் சீராகக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. அதை வாங்கி வரும் பொறுப்பை நான் ஏற்றேன்.

"எதுல வேணும்னாலும் சிக்கனம் பாருங்க மச்சான். காவல் இல்லாத பெட்டி மட்டும் வேணாம்" என்றார் சூசை.

காவல் என்று அவர் சொன்னது ஒரு சிறிய தடுப்பு. பெட்டிக்குள் எது பழுதானாலும் அது குறுக்கே விழுந்து பியூசை எரித்துவிடும். பியூஸ் சாகும், பலகை பிழைக்கும். அது இல்லையென்றால், பெட்டி கெட்ட நொடியில் மிகை மின்சாரம் அப்படியே சில்லுகளுக்குள் பாயும்.

இதை நான் அறிந்திருந்தேன். அவருக்குப் படித்துச் சொன்னதே நான்தானே!

எங்கள் இருவரின் சேமிப்பையும் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று காவல் உள்ளது. கையிலிருந்த பணம் முழுவதும் அதற்குச் சரியாகிவிடும். மற்றது காவல் இல்லாதது, பாதி விலை.

"எங்க ஊர்ல சீசன்ல கரண்டு எந்திரிக்கவே எந்திரிக்காதுங்க. அதுக்குத் தாங்குமா?" என்று பாதி விலைப் பெட்டியைக் காட்டிக் கேட்டேன்.

"குறைஞ்ச கரண்டுக்குன்னே உள்ள காயில் கூடுதலாச் சுத்துன பெட்டி சார் இது. ஆனா கரண்டு ஏறுச்சுன்னா சூடாயிரும். அப்பறம் என்னையச் சொல்லாதீக."

நான் சிரித்தேன். கொடைக்கானல்காரன் எவனுக்கும் மின்சாரம் ஏறும் என்ற பயம் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் விடுதிகளின் வெந்நீர்க் கொதிகலன்களெல்லாம் ஓடும்போது எங்கள் வீட்டுப் பல்புகள் சிவந்த நூலாக அழுது வடியும். குறைவதற்கு மட்டுமே பயந்து பழகியவர்கள் நாங்கள். கீழே சமவெளியில் இருப்பவன் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான்.

ஆனால் இதுவும் சாக்குத்தான்... உண்மையைச் சொல்கிறேன். மீதிப் பணத்தில் நான் ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். பழனி மலையைப் பற்றி வெள்ளைக்காரர் ஒருவர் எழுதியது. அட்டை போயிருந்தது, உள்ளே படங்கள் முழுதாக இருந்தன. பல ஆண்டுகளாக நான் தேடிய நூல்.

பெட்டியை மலிவாக வாங்கியபின் தற்செயலாகப் புத்தகம் கண்ணில் பட்டது என்றே வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அப்படியல்ல. புத்தகத்தைத்தான் முதலில் பார்த்தேன். விலையும் கேட்டேன். பிறகுதான் மின்சாமான் கடைக்குள் நுழைந்தேன். ஊரார் தேதிகளைத் திருத்துகிறவன், என் ஒரு நாளின் வரிசையை எப்படி மாற்றி வைத்துக்கொண்டேன் பாருங்கள்!

"காவல் இருக்குல்ல மச்சான்?" என்று கேட்டார் சூசை.

"இருக்கு மாப்ள." முதல் பொய்.

அவர் ஆசையாகத் திருப்புளியை எடுத்தார். "ஒருக்கா தொறந்து பாப்போமா?"

"பிரிச்சா மாத்தித் தரமாட்டானாம்." இரண்டாவது.

சட்டென்று திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். சந்தேகத்தின் நிழல்கூட அந்த முகத்தில் இல்லை.

சீசன் முழுவதும் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மின்சாரம் குறைவாக இருந்ததால் பெட்டி சூடே ஆகவில்லை. செய்தது தவறில்லை என்றுகூட நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

ஜூன் மாதத்தில், சுற்றுலாக் கூட்டம் இறங்கிப் போய்விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் முதலாளி கடைக்கு வந்தார். அவரோடு அவருடைய மேனேஜரும். சூசை வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பெஞ்சின் ஓரத்தில் ஸ்டெல்லாவும் அவர்கள் மகள் மெர்சியும்.

கடை பல்பைப் பார்த்து மேனேஜர் சொன்னார்: "டூரிஸ்ட்டு எறங்கினதும் பல்புக்குக் கல்யாணக் களை வந்திருச்சு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பல்பைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று எரிந்தது. மதுரைக் கடைக்காரர் சொன்னது அந்த நொடியில் என் காதில் கேட்டது.

ஒரு வார்த்தை போதும். 'இன்னைக்கு வேணாம் மாப்ள' என்றால் போதும். ஏன் என்று கேட்பார். அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு அஞ்சி நான் வாயைத் திறக்கவில்லை...

திரையில் அறை எண்கள் வரிசையாக வந்தன. முதலாளி நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். "அட, பதினாலாம் நம்பர் காலின்னு சொல்லுதேய்யா" என்றார். சூசை திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை உங்களுக்கு எப்படி விவரிப்பேன்!

பிறகு எழுத்துகள் கோடுகளாகச் சிதறின. கருகிய வாடை வந்தது. திரை இருண்டது.

முதலாளி எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "சரி சூசை. எனக்கு என் நோட்டே போதும். அது பொகையாதுல்ல."

மழைக்காலம் முழுவதும் சூசை அந்தப் பலகையின் மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தே கிடந்தார். பத்தவைத்த ஒவ்வொரு புள்ளியையும் பார்த்தார். எல்லாச் சில்லுகளும் செத்திருந்தன.

"சோறு ஆறிப்போய்க் கெடக்கு. அத விட்டுட்டு வாங்க" என்பாள் ஸ்டெல்லா. அவர் நிமிர மாட்டார்.

"பெட்டி மேல தப்பு இருக்காது மச்சான். அதுலதான் காவல் இருக்கே. அப்ப எங்கயோ நாந்தான் தப்பாப் பத்தவச்சிருக்கேன். எங்கன்னுதான் தெரியல" என்றார் என்னிடம்.

கேட்டீர்களா? அவர் நியாயம் எவ்வளவு தெளிவானது! என் பொய்யை மெய் என்று வைத்துக்கொண்டால், பழி அவர் கையைத் தவிர வேறெங்கும் போக முடியாது.

"எதுக்கும் பெட்டியக் கடையில குடுத்துச் சோதிச்சுப் பாக்குறேன்" என்று வாங்கிக்கொண்டு போனேன். மதுரை வரை போகாமல் வத்தலக்குண்டிலேயே இறங்கி, ஒரு காயலான் கடையில் போட்டேன். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து சொன்னேன்: "நல்லாத்தான் இருக்காம் மாப்ள. அவனே திருப்பி எடுத்துக்கிட்டான்."

அது மூன்றாவது பொய். முதலிரண்டும் ஆசையில் சொன்னவை. இது அறிந்தே ஒருவர் தலையில் ஏற்றியது.

அவர் தலையை ஆட்டினார். சில மாதங்களில் கடையைக் கொடுத்துவிட்டு, வேன் ஓட்டப் போனார். வீட்டு இஸ்திரிப்பெட்டியின் ஒயர் விட்டுப்போனால்கூட வெளி ஆளைத்தான் கூப்பிடுவார். "எனக்குக் கை சரியில்ல" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேனோ, என்னவோ.

சில ஆண்டுகளுக்குப்பின் மெர்சி பிளஸ் டூ முடித்தாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சேரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இடமும் கிடைத்திருந்தது. சூசை ஒப்பவில்லை.

"என் கைதானே அவளுக்கும் வாச்சிருக்கும். பிள்ளை போயி அங்க அவமானப்படணுமா? டைப்பு படிக்கட்டும், வெரசா ஒரு வேலை கெடைக்கும். நீங்க சொன்னாக் கேப்பா மச்சான்."

என்னை வழியனுப்புகிற சாக்கில் மெர்சி தெருமுனை வரைக்கும் வந்தாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் நின்று கேட்டாள்:

"மாமா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். அன்னைக்கு அப்பா நெஜமாவே தப்பாத்தான் பத்தவச்சாரா?"

இதைவிட நேராக ஒரு கேள்வியைக் கடவுளே என்னிடம் கேட்டிருக்க முடியாது. வேறு யாருமில்லை. அவளுடைய படிப்பும் அவள் தகப்பனின் கைகளும் என் ஒரு சொல்லில் மீண்டிருக்கும்.

நான் சொன்னேன்: "அப்பா சொல்றதக் கேளும்மா."

"சரி மாமா" என்றாள். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

இப்போது திண்டுக்கல்லில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறாள். விடுமுறைக்கு வரும்போது, எனக்குப் பிடிக்கும் என்று பன்னீர் திராட்சை வாங்கி வருகிறாள். கழுவித் தட்டில் வைத்து, "சாப்பிடுங்க மாமா" என்கிறாள்.

நான் சாப்பிடுகிறேன்.