எந்தப் பலகை எந்த ஜன்னலுக்கு

யமகாட்டா மலையடிவாரத்தில் ஒரு பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர் ஹசியா தோமியே. முப்பத்துநாலு வருடமாக வீட்டையும் முற்றத்தையும் பனிக்காலத்துக்குத் தயார்செய்தது அவர் கணவர் இசாவோதான். ஆகஸ்டில் இசாவோவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் மிஞ்சியது "ஆமா" என்ற ஒரு சொல்தான்.

நவம்பர் கடைசியில், வியாழக்கிழமை கனத்த பனி விழும் என்று வானொலியில் சொன்னார்கள். தோமியே இரண்டு நாள் லீவு போட்டுக் கொட்டகையைத் திறந்தார். பனிப் பாரத்தில் கண்ணாடி உடையாதபடி ஜன்னலுக்கு வெளியே அடைக்கும் பலகைகள் அறுபதுக்கு மேல் கிடந்தன. ஒன்றிலும் அடையாளம் இல்லை.

ஒன்றைத் தூக்கிக் கணவரிடம் காட்டினார். "என்னங்க, இது சமையலறைக்குத்தானே?"

"ஆமா."

"இல்ல, குளியலறைக்கா?"

"ஆமா." தப்பு என்று இசாவோவுக்கே தெரிந்தது. இடது கையால் தொடையில் அடித்துக்கொண்டு அழுதார்.

இரண்டு நாளில் நாலு ஜன்னல்தான் முடிந்தது. அடுத்து பனி அள்ளும் எந்திரம். உள்ளங்கை தோல் உரியும்வரை கயிற்றை இழுத்தும் அது உறுமக்கூட இல்லை. பக்கத்து வீட்டு கன்னோ வந்து முகர்ந்து பார்த்தார்.

"பழைய பெட்ரோல் அக்கா. உள்ள பிசினா அடைச்சிருக்கு. அண்ணன் வருஷாவருஷம் வடிச்சிடுவாரே?"

ஏப்ரலில் இசாவோ, "கை மரத்துப்போகுது, நாளைக்கு வடிக்கிறேன்" என்றிருந்தார். "வேலைன்னா உங்களுக்குக் கை மரத்துப்போயிடும்" என்று தோமியே குத்திக்காட்டியிருந்தார். இப்போது அது நினைவுக்கு வந்ததும் தோமியே எந்திரத்தின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"கடையில கேட்டீங்களா?"

"புது வருஷத்துக்கு அப்புறம்தான் பார்ப்பாங்களாம்."

"காலையில எனக்கும் ஊர் ரோட்டுல பனி தள்ளுற டூட்டி. என்ன செய்யப்போறீங்க?"

தோமியே கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்த மண்வாரியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் பனி இடுப்பளவு ஏறிவிட்டது. ஒன்பது மணிக்கு இசாவோவைக் கைகால் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் நிலையத்து வேன் வரும். நாலு மணி நேரம் மண்வாரியால் அள்ளியும் பாதி முற்றம்தான் திறந்தது. ஓட்டுநர் தெருவிலிருந்தே கூப்பிட்டார்: "இன்னைக்கு வேண்டாம்மா, அடுத்த வாரம் பார்க்கலாம்."

"அடுத்த வாரம் மட்டும் பனி இருக்காதா?" என்றார் தோமியே. தோட்டத்து முள்ளங்கியை ஏற்றி இழுக்கும் பிளாஸ்டிக் சறுக்குப்பலகையில் கணவரைப் படுக்கவைத்து, போர்வையோடு சேர்த்துக் கட்டி, அள்ளாத பனியின் மேலேயே இழுத்தார். இரண்டு முறை புதைந்து விழுந்தார். இரண்டாம் முறை எழ முடியவில்லை. ஓட்டுநர் இறங்கி வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வாரம் இரண்டு முறை இசாவோ அப்படித்தான் வேனுக்குப் போனார். ஜனவரியில் தோமியே சமையற்கூட வேலையை விட்டுவிட்டார்.