திறந்த எல்லையும் மீன் ரோல்ஸும்

எங்கள் துறையின் ஆய்வுக் கருத்தரங்கில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கட்டுரை வாசிப்பவர்தான் தேநீரோடு தின்ன ஏதாவது கொண்டுவர வேண்டும். தேநீர் வந்த பிறகே கேள்விகள். வாயில் ரோல்ஸ் இருக்கும் பேராசிரியரால் நீளமாகக் கேள்வி கேட்க முடியாது என்பது என் கண்டுபிடிப்பு. என் ஆய்வில் இருந்த ஒரே சொந்தக் கண்டுபிடிப்பும் அதுதான்.

அன்றைக்கு வாசிப்பது என் முறை. தேறினால் என் எம்.ஃபில். பதிவு கலாநிதிப் பட்டத்துக்கு உயரும். தேறாவிட்டால், இப்போதே என்னை ‘டொக்டர்’ என்று கூப்பிட்டு முழங்கால் வலிக்கு மருந்து கேட்கும் நாவலப்பிட்டிப் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது? அதனால் திகன வரை பஸ்ஸில் போய் ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸ் வாங்கிவந்து, யன்னலோர மேசையில் வைத்தேன்.

கட்டுரையின் சாரம் இதுதான்: சிறிய நாடு எல்லையில் படையை நிறுத்துவது வீண், அண்டை நாட்டோடு நம்பிக்கையும் பேச்சுவார்த்தையும் போதும். பேசப் பேச வியர்த்தது. குரங்குகளுக்குப் பயந்து எங்கள் வளாகத்தில் யாரும் யன்னலைத் திறப்பதில்லை. அதை மறந்து, “திறந்த எல்லை என்பது இதுதான்” என்று நாடக பாணியில் யன்னலை அகலத் திறந்தேன்.

அண்டை நாடு உடனே வந்தது.

பெரிய குரங்கொன்று பெட்டியின் மேல் உட்கார்ந்தது. பின்னாலேயே அதன் குடும்பம். நான் பேச்சுவார்த்தையை மறந்தேன். “அடிங்க! வெளக்கமாத்த எடுங்க!” என்று கத்தியபடி கட்டுரையைச் சுருட்டி ஓங்கினேன். அது பல்லைக் காட்டியது. நான் என் மேற்பார்வையாளரின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யாழ்ப்பாணத்துக்காரரான அந்த அம்மையார் அசையவேயில்லை.

“தம்பி, படையெடுத்தது காணும், விடும். அதுகள் போன பிறகு யன்னலைச் சாத்தும்.”

போயின, பெட்டியோடு. வெறும் பிளேன்டீயோடு கேள்விகள் தொடங்கின. வந்ததிலிருந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்த கண்டி டவுன்காரரான மூத்த பேராசிரியர், கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப, அண்டை நாட்ட நம்பலாங்கிறீங்க?”

“பொதுவா நம்பலாம், சேர்.”

“பின்ன ஏன் கதிரைக்குப் பின்னால போனீங்க?”

“அது... மூலோபாயப் பின்வாங்கல், சேர்.”

“கட்டுரையில அதப்பத்தி ஒரு வரியாவது இருக்கா?”

இருக்கவில்லை. பதிவு உயரவில்லை. எல்லைக் காவல் பற்றிப் புதிதாக ஓர் அத்தியாயம் எழுதிக்கொண்டு திரும்பி வரச் சொன்னார்கள்.

படியிறங்கும்போது பேராசிரியர் பின்னாலேயே வந்தார்.

“அடுத்த தடவையும் அதே கடையிலயே வாங்குங்க. பெட்டிய மட்டும் எங்கிட்ட குடுத்துருங்க, மடியில வச்சுக்கிறேன்.”

அந்த ஏற்பாட்டைத்தான் இப்போது, ‘சிறிய நாடு தன் வளங்களை நம்பகமான வல்லரசின் பாதுகாப்பில் ஒப்படைத்தல்’ என்று புது அத்தியாயத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் வலியை இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று.