ஷிப்ரா தீதியின் இரண்டாவது மானிட்டர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாகக் கேலி செய்கிறவன் நான். கல்லூரி ஹாஸ்டலில் லைட் தானாக எரிந்தது என்று பையன்கள் அலறினால், ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவேன். அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, பாருங்கள். இது பட்டப்பகலில், மத்தியானம் மூன்று மணிக்கு, டியூப்லைட் எரிகிற ஆபீசில் நடந்தது. என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள்.

எனக்கு ஊர் விருதுநகர். கொல்கத்தா வந்து நாலு வருடம் ஆகிறது, சால்ட் லேக்கில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. போன மழைக்காலத்தில் அலிப்பூரில் ஓர் அலுவலகத்துக்கு என்னை அனுப்பினார்கள், அதன் பெயர் வேண்டாம். அங்கே உள்ள ஒவ்வொரு மானிட்டரின் கம்பெனி, சீரியல் நம்பர், தயாரான வருடம் எல்லாவற்றையும் பட்டியல் எடுத்துக் கொடுக்க வேண்டும். மேஜை மேஜையாகப் போய் மானிட்டரைத் திருப்பி, பின்னால் இருக்கிற ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் படித்தால் பத்து நாள் ஆகும், தும்மல் தனி. நான் சோம்பேறி, ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். மானிட்டருக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டில் ஒரு சின்னச் சிப் உண்டு, தன் பெயர், நம்பர், எந்த வருடம் எந்த வாரம் பிறந்தது என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். கம்ப்யூட்டர் கேட்டால் ஒயர் வழியாக அது பதில் சொல்லும், மானிட்டரை அணைத்து வைத்திருந்தாலும் சொல்லும், ஒயரைப் பிடுங்கினால் மட்டும் பேச்சு நின்றுவிடும். என் லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இதுவரை தன்னிடம் செருகிய எல்லா மானிட்டரையும் விண்டோஸ் ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கும். விவரம் தெரியாதவன் அந்த மூலையில் போய்ப் படித்தால், எப்போதோ கழற்றி எறிந்ததெல்லாம் இன்னும் இருப்பதாக வரும். ஹவுராவில் ஒரு பட்டறை ஆபீசில் நான் அப்படித்தான் படித்து, இருபது மேஜைக்கு ஐம்பத்து மூன்று மானிட்டர் என்று பட்டியல் நீட்டி, எல்லார் முன்னாலும் மானம் போனது. அதனால் இந்தமுறை அந்தப் பக்கமே போகவில்லை. அந்த நொடியில் செருகியிருந்து பதில் சொல்கிறவற்றை மட்டும்தான் கேட்டேன். இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், கதையைக் கேட்கிற கம்ப்யூட்டர்காரர்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் என் முகத்தில் வீசுகிறார்கள்.

அங்கே ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் ராமநாதன் சார். தாத்தா காலத்திலேயே கொல்கத்தாவுக்கு வந்த குடும்பம், லேக் மார்க்கெட் பக்கம் வீடு. கோபம் வந்தால் வங்காளம் பேசுவார், மற்ற நேரத்தில் தமிழ். அந்த மாதக் கடைசியில் ரிடையர் ஆகிறார். அவர் பொறுப்பில் இருந்த ஒரே ஒரு மானிட்டரைக் காணோம். பழைய மானிட்டர், அதன் விலையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஆனால் கிடைக்காவிட்டால் அவருக்குக் கொடுக்கிற கிளியரன்ஸ் கடிதத்தில் 'ஒரு பொருள் காணவில்லை' என்று ஒரு வரி ஏறிவிடும்.

"முப்பத்தாறு வருஷம்ப்பா," என்றார் முதல் நாளே. "ஒரு ஸ்டேப்ளர் தொலைஞ்சதில்லை. போற நேரத்துல பேருக்குக் கீழே இப்படி ஒரு வரி. திருடன்னு யாரும் சொல்ல மாட்டா. ஆனா படிக்கறவா ஒரு செகண்ட் நினைப்பாளோல்லியோ?"

"எந்த மிஷின்லயாவது மாட்டியிருந்தா ஸ்கிரிப்ட்ல வந்துரும் சார்," என்றேன்.

சீரியல் நம்பரை ஒரு சீட்டில் எழுதி என் சட்டைப் பையில் அவரே வைத்தார். வைத்துவிட்டுப் பையை ஒருமுறை தட்டியும் பார்த்தார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது, எப்படியாவது கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் ஒவ்வொரு செக்‌ஷனாக ஓட்டினேன், வரவில்லை. கடைசியாக வெள்ளிக்கிழமை மத்தியானம், தபால்களை வெளியே அனுப்புகிற டிஸ்பாட்ச் செக்‌ஷன். அங்கே ஒரே ஆள், ஷிப்ரா தீதி, அதாவது அக்கா, ஐம்பது வயது இருக்கும், எந்நேரமும் வாயில் சோம்பு. அவருடைய கம்ப்யூட்டரைக் கேட்டபோது இரண்டு வரி வந்தது. முதல் வரி அவர் முன்னால் இருக்கிற மானிட்டர். இரண்டாவது வரியில் என் பையில் இருந்த நம்பர். சீட்டை எடுத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். அதேதான்.

குஷியாக அவர் மேஜைக்கு ஓடினால், அங்கே மானிட்டர் ஒன்றுதான் இருக்கிறது. கம்ப்யூட்டரின் பின்னால் பார்த்தேன். ஒரு துளையில் ஒயர், இன்னொரு துளையில் கம்பெனியிலிருந்து வரும்போதே மாட்டி வருகிற பிளாஸ்டிக் மூடி, அதன்மேல் தூசி. திரும்பவும் ஓட்டினேன், இரண்டு வரி. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு ஓட்டினேன், இரண்டு வரி. சரி என்று, இருக்கிற ஒரே ஒயரையும் பிடுங்கினேன். திரை இருண்டது. என் லேப்டாப்பில் இப்போது பட்டியல் காலியாக இருக்க வேண்டும். நம்பினால் நம்புங்கள், ஒரு வரி இருந்தது. காணாமல் போன அந்த ஒன்று மட்டும்.

கையில் பிடுங்கிய ஒயரோடு அப்படியே நின்றேன், முடியெல்லாம் குத்திட்டு நின்றது. ராமநாதன் சாரைக் கூப்பிட்டேன். அவர் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார், பயப்படவே இல்லை.

"இங்கே இருக்குன்னுதானே சொல்றது?"

"சொல்லுது சார். ஆனா ஒயரே இல்லாம எப்படிச் சொல்லும்? ஸ்கிரிப்ட்ல ஏதோ தப்பு."

"உன் ஸ்கிரிப்டை அப்பறம் வெச்சுக்கோ. இருக்குன்னா இருக்கு. தேடு."

மேஜையை ஒட்டி ஒரு இரும்பு அலமாரி. அதில் பழைய டிஸ்பாட்ச் புத்தகங்கள்தான், கீழ்த்தட்டைத் திறந்தே பல வருடம் ஆகிறது என்று தீதி வங்காளத்தில் சொல்லிக்கொண்டே சாவியைக் கொடுத்தார். புத்தகக் கட்டுகளை இழுத்துப் போட்டோம். அவற்றுக்குப் பின்னால், சிவப்புக் கட்டம் போட்ட கம்சாத் துண்டில் பச்சைக் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி, மானிட்டர். பவர் கார்டு கூட இல்லை. பின்னால் ஸ்டிக்கரில் அதே நம்பர். யார் சுற்றினார்கள், ஏன் அங்கே வைத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, துண்டு தன்னுடையது இல்லை என்று தீதி காளி மேல் சத்தியம் செய்தார்.

ராமநாதன் சார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பத் துடைத்தார். பிறகு ஆபீஸ் முழுக்க சந்தேஷ் இனிப்பு வாங்கி வரச் சொன்னார், எனக்கு மட்டும் நாலு. உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவது சந்தேஷ் தொண்டையில் இறங்கியபோது என் பயமெல்லாம் போய்விட்டது. நெட்வொர்க் குளறுபடி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தணிக்கைக்கு வந்தவர் ஸ்டிக்கரைப் பார்த்து டிக் அடித்தார், மாதக் கடைசியில் கடிதம் சுத்தமாக வந்தது, சார் அதை ஃபிரேம் போட்டே மாட்டிவிட்டார். என் வேலை வாழ்க்கையில் அவ்வளவு திருப்தியான மாதம் வேறில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த மாதம் அந்த மானிட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். உயிரே இல்லை. சாந்தினி சௌக்கில் வழக்கமாகப் போகிற ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் முதுகு மூடியைக் கழற்றி என் பக்கம் திருப்பிக் காட்டினார். உள்ளே போர்டு இல்லை. பெயரும் நம்பரும் சொல்கிற சிப் இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஸ்க்ரூ துளை, அதில் ஒட்டடை. யாரோ உதிரி பாகத்துக்காக எடுத்துப் பல வருடம் ஆயிற்று என்றார். அந்த போர்டு வேறு மானிட்டரில் இருந்து பதில் சொல்லியிருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து, அங்கேயே நின்று லேப்டாப்பில் முழுப் பட்டியலையும் தேடினேன். அந்த நம்பர் ஒரே இடத்தில்தான் வந்திருந்தது, ஷிப்ரா தீதியின் கம்ப்யூட்டரில். அப்படியென்றால் அன்றைக்கு ஒயரைப் பிடுங்கிய பிறகும் எனக்குப் பதில் சொன்னது எது?

அந்த நேரம் பார்த்து ராமநாதன் சாரிடமிருந்து போன்.

"என்னப்பா, நம்ம மானிட்டர் ஓடறதா?"

"ஓடுது சார். நல்லா ஓடுது."

"ஓடட்டும், ஓடட்டும். அது அன்னிக்குக் குரல் குடுக்கலேன்னா என் கதி என்ன, சொல்லு."

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக் காட்டி, மூடிவிடட்டுமா என்று சைகையில் கேட்டார். சீக்கிரம் மூடுங்கள் என்று தலையாட்டினேன்.