ஓரத்தில் இல்லாத ஈரம்

அந்த மனிதரைப் பார்த்த மாத்திரத்திலேயே எனக்குப் பிடிக்கவில்லை. மேடவாக்கத்தில் சின்னதாக ஒரு கம்பெனி வைத்து, மடங்கும் டிஸ்ப்ளேக்களின் மேல் ஒட்டுவதற்கு ஈரம் புகாத ஃபிலிம் தயாரிக்கிறவர். காட்டாங்குளத்தூர் பக்கம் நான் வேலை பார்த்த சோதனைக்கூடத்துக்கு அதைக் கொண்டுவந்தார். சோதிக்கக் கொடுத்தார் என்று பெயர்தான். பாஸ் என்ற பதிலைக் கையோடு வாங்கிப் போக வந்தவர் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சோதனை எளிது. கண்ணாடித் துண்டில் கால்சியத்தை மெல்லிசாகப் படிய வைத்தால் முகம் பார்க்கலாம், அப்படி மினுங்கும். அதன்மேல் ஃபிலிமை வைத்து, நாலு ஓரத்தையும் பசை போட்டு மூடி, சூடும் ஈரமும் நிறைந்த பெட்டிக்குள் வைப்போம். ஈரம் புகுந்த இடத்தில் மினுமினுப்பு போய்க் கண்ணாடி தெளிந்துவிடும். ஓரத்திலிருந்து தெளிந்தால் ஒட்டியவர் தப்பு. நடுவில் புள்ளி புள்ளியாகத் தெளிந்தால் ஃபிலிமில் ஓட்டை.

அவருடைய ஃபிலிமை நான்தான் ஒட்டினேன். புள்ளி நடுவில்தான் விழுந்தது, அம்மை போட்ட மாதிரி. கண்ணாடியைக் கையில்கூட வாங்காமல் அவர் எங்கள் மேனேஜரிடம் திரும்பினார்.

"மேடம் ஓரத்தை ஒழுங்கா ஒட்டல சார். சைடு வழியா ஈரம் உள்ள போயிருக்கு."

ஓரம் பிசிறில்லாமல் இருந்தது. மேனேஜர் அதைப் பார்க்கவே இல்லை. கஸ்டமர் சொல்வது அவருக்கு வேதவாக்கு.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஒட்டுற வேலையை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்மா" என்றார்.

அந்த ஒட்டும் மேஜைக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சேலையூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, வருஷக்கணக்கில் அடுத்தவர்களுக்குக் கண்ணாடி கழுவிக் கொடுத்திருக்கிறேன். பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப சாரே ஒட்டட்டும்" என்றேன்.

அந்த மனிதரும் வீம்புக்கு உட்கார்ந்தார். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே ஒட்டினார். ஒரு குமிழிகூட இல்லை.

பெட்டியிலிருந்து அதை எடுத்த அன்று மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஓரம் போட்டது போட்டபடி மினுங்கியது. நடுவில் அதே அம்மை. நான் ஒட்டிய பழைய துண்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.

"சைடு எங்க சார் லீக் ஆகியிருக்கு? காட்டுங்க."

அவர் மொபைலை எடுத்து நோண்ட ஆரம்பித்தார். எனக்கு வந்தது நல்ல சந்தோஷம் இல்லை. அவர் முகம் தொங்கியதைப் பார்க்கப் பார்க்க இனித்தது. இனி மேனேஜர் என்ன சொல்லப் போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் அந்த மனிதர் ஒட்டிய துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னுடையது மேஜையிலேயே கிடந்தது.

"என்னா ஃபினிஷிங்! சார்கிட்ட கத்துக்கோம்மா" என்றார்.