தெருமுனையில் அம்மாவின் படம்

என் அம்மா ஜெயமேரி, பேகம்பூர் பக்கம் தையல் சொல்லிக்கொடுத்தார். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், பழக வரும் பெண்பிள்ளைகளோடு அங்கே போவார்.

"அஞ்சலியத் துணியில எழுதித் தாரோம். ஃப்ளெக்ஸ் வச்சா, நாளைக்கு அத எங்க கொண்டுபோய்ப் போடுவீக?"

சிலர் திட்டினார்கள். பலர் ஒப்புக்கொண்டார்கள்.

நான் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்தவன். ஃப்ளெக்ஸ் மக்காது, எரித்தால் நச்சுப்புகை வரும் என்று அம்மாவுக்கு விளக்கியவன் நான்தான்.

அம்மா இறந்த காலையில் அவர் படத்தை ஃப்ளெக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மகன் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான் என்று தோன்றியது.

மதியம் பிள்ளைகள் வந்தார்கள். ரீனாவின் கையில் அம்மா பெயர் எழுதிய வெள்ளைத்துணி இருந்தது. பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. கூட வந்த சூர்யகலா, தெருமுனையில் நான் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரையே பார்த்தாள்.

"டீச்சர் இருந்தா, இந்நேரம் நம்மள இந்த வீட்டுக்குத்தான் கூட்டியாந்திருப்பாகடி."

"சும்மா இரு. அண்ணன் நிக்கிறாரு."

ரீனா துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் கம்பத்தில் ஏறி பேனரை அவிழ்த்தேன். பிறகு அந்தத் துணியைக் கேட்டு வாங்கிக் கட்டினேன். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பேனர் இன்னும் மாடியில் சுருண்டு கிடக்கிறது. எரிக்கக் கூடாது. அம்மாவின் முகத்தைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை.