முன்பக்கம் மட்டும் அலங்கரித்த மரம்

கண்டியில் எல்லாப் பேச்சும் வாசல் கேட்டோடு முடிந்துவிடுகிறது. கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் குடியிருக்கும் மேட்டுத் தெருவில் ஏழெட்டு வீடுகள். எல்லோரும் நல்லவர்கள்தான். பார்த்தால் சிரிப்பார்கள், பலாப்பழம் அறுத்தால் கேட்டுக்கு மேலாகவே ஒரு துண்டு நீட்டுவார்கள், மகன் எப்படிப் படிக்கிறான் என்று விசாரிப்பார்கள். உள்ளே வாங்க என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று வருடமாகிறது, இந்த ஊரில் ஒரு வீட்டுக் கூடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கணவர் ஆடைத் தொழிற்சாலைக்குக் காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவார். மகன் திருச்சியில் ஹாஸ்டலில். பகல் முழுக்க நானும் பிரிட்ஜின் சத்தமும்தான். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவரிடம் வேண்டுமென்றே ஏதாவது சந்தேகம் கேட்டு, ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அதனால்தான் நத்தார் மரம் அலங்கரிக்க என் பெயரைக் கொடுத்தேன். கிறிஸ்மஸை இங்கே நத்தார் என்பார்கள். டிசம்பரில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஆளுக்கொரு சைப்ரஸ் மரம் தருகிறார்கள். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வெட்டி, வாளியில் கல் போட்டு நிறுத்தியது. நம் செலவில் அலங்கரித்து, அதை அப்படியே தானமாகக் கொடுத்துவிட வேண்டும். வருகிறவர்கள் நன்கொடைப் பெட்டியில் முடிந்ததைப் போட்டுவிட்டுப் பிடித்த மரத்தை எடுத்துப் போவார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளோடு தங்கும் தாய்மார்களுக்கு ஓர் ஓய்வறை கட்டத்தான் இந்த ஏற்பாடு. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் என்னை இழுத்தது நோட்டீஸின் கடைசி வரி. மரத்தை எடுத்துப் போகிறவரின் வீட்டுக்கு அலங்கரித்தவரே போய் நிறுத்திக் கொடுக்க வேண்டுமாம். யாராவது என் மரத்தை எடுத்தால் நான் ஒரு வீட்டுக்குள் போகலாம்.

கும்பகோணத்தில் எங்கள் தெருவில் நவராத்திரி ஒன்பது நாளும் எந்தக் கதவும் சாத்தியிருக்காது. கொலு பார்க்க வந்தோம் என்றால் போதும், பாயை விரித்து, ஒரு பாட்டாவது பாடவைத்து, சுண்டலைக் கையில் கொடுத்துத்தான் விடுவார்கள். பெயரே தெரியாதவர்கள் வீட்டில்கூட நான் சப்பணமிட்டு உட்கார்ந்து கதை பேசியிருக்கிறேன். கொலுவுக்கு முகம் ஒரு பக்கம்தான். படிகளுக்குப் பின்னால் செங்கல்லும் ட்ரங்குப் பெட்டியும் கிடக்கும், ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டு மறைத்துவிடுவோம். அங்கே போய் யார் பார்க்கிறார்கள்?

அந்தக் கைப்பழக்கத்தில்தான் மூன்று நாள் மண்டபத்தில் உட்கார்ந்து, சுவரோரம் நின்ற என் மரத்தை ஜோடித்தேன். மடவளைக் கடையில் வாங்கிய ஜரிகை நாடா, காகிதக் கிளிகள், சின்னச் சின்னத் தாமரைகள், சீரியல் விளக்கு. முன்னால் நின்று பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. நான்காம் நாள் காலையில் போனால், எல்லா மரங்களையும் நடுக்கூடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். ஜனங்கள் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். என் மரத்தின் பின்பக்கம் வந்ததும் அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். அங்கே பச்சை இலையும் வெறும் வயரும்தான்.

ஏற்பாடுகளைக் கவனித்த குமாரி என்ற சிங்களப் பெண் ஒரு பெட்டி நிறையப் பளபளக்கும் பந்துகளோடு வந்தார். “இன்னும் பாதி இருக்கு தானே? பரவாயில்ல, மெதுவா செய்ங்க” என்றார்.

“இல்லைங்க, அவ்வளவுதான். எங்க ஊர்ல முன்னாடிதான் அலங்காரம்.”

“அப்படியா, முன்னாடி முடிஞ்சது. இப்ப பின்னாடி” என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் வீம்பு, பெட்டியைத் திறக்கவே இல்லை. மத்தியானத்துக்குள் மற்ற மரங்கள் ஒவ்வொன்றாக வேனேறின. கூடவே அவற்றை ஜோடித்தவர்களும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். கடைசியில் நடுக்கூடத்தில் என் மரமும் நானும் மிச்சம். அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா வந்தார். அறுபது வயதிருக்கும், ஓய்வுபெற்ற நர்ஸ், கடுகண்ணாவையில் வீடு. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். “இது போதும். நான் சுவத்தோட தானே வைக்கப்போறேன்” என்றவர், “நீங்க வந்து நிப்பாட்டித் தருவீங்க தானே?” என்று கேட்டார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் வேகவேகமாகத் தலையை ஆட்டினேன்.

கடுகண்ணாவையில் மரத்தை இறக்கியதும், வீட்டுக் கதவைத் திறந்து “உள்ளுக்கு வாங்க” என்றார். மூன்று வருடம் காத்திருந்த வார்த்தை. கூடத்தில் ஆறு கதிரைகள் உட்கார ஆளில்லாமல் வரிசையாக இருந்தன. அலுமாரி முழுக்க மகளும் பேரப்பிள்ளைகளும் மெல்பர்னில் எடுத்த படங்கள். உட்காரச் சொல்வார் என்று நினைத்தேன். அக்காவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. “அங்க ராத்திரியாயிருச்சி, புள்ளைங்க படுத்துருவாங்க. பிளக் கொஞ்சம் ஆடும், நீங்க புடிச்சிக்கிட்டாத்தான் எரியும்” என்றார். மரத்துக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து, குந்தி உட்கார்ந்து, பிளக்கை அழுத்திப் பிடித்தேன். விளக்குகள் எரிந்தன. அக்கா வீடியோ கால் போட்டுப் போனை உயர்த்தியதும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கூச்சலிடுவது கேட்டது.

பிறகு மகளின் குரல். “மரம் வடிவா இருக்கும்மா. கூட யாரும் இருக்காங்களா?”

“யாரு இருக்கா? தனியாத்தான் இருக்கேன். ஒருக்கா வந்துட்டுப் போங்களேன்.”

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மகள் நிம்மதியாகிவிடுவாள், அம்மாவுக்குத் துணை இருக்கிறது என்று பயணத்தை இன்னொரு வருடம் தள்ளிப்போடுவாள். என் மகன் கேட்டிருந்தால் நானும் தனியாகத்தான் இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

“லீவு கேட்டுப் பாக்குறேம்மா” என்றாள் மகள்.

கை வலித்தது. பிளக்கை விடவில்லை. அந்த வீட்டில் வேறு யாருமே இல்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும் என்று, மூச்சுச் சத்தம் கேட்காமல் குந்தியிருந்தேன்.